கை வைத்தவர் பெயர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரயில் பாதையில் ஜல்லி கொட்டுவதற்கான வேகன்கள் சில ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தன.
2. அவற்றின் உறுப்புப் பட்டியலை ஜவ்வாது மலையில் குடியிருந்த ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பெயர்கள் உறுப்புகளுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் வேலை.
3. ஒரு கைப்பிடியை நானே இழுத்துப் பார்த்ததாக அவரிடம் சொன்னேன். நான் இழுத்துப் பார்க்கவில்லை.
4. நான் சொன்ன பெயர் பட்டியலில் ஏறியது. அங்கிருந்து வேகன்களில் அடிக்கப்பட்ட தகடுகளிலும் ஏறியது.
5. ஒரு யார்டில் தகட்டைப் படித்த தொழிலாளி ஒருவர், வண்டி நகராமல் இருக்கட்டும் என்று அந்தக் கைப்பிடியை இழுத்தார். வண்டி நகர்ந்தது. அவரோடு வேலை செய்தவருக்கு இடது காலில் இரண்டு விரல்கள் போயின.
6. யாருடைய தவறு என்று கேட்டார்கள்.

ஆறாவதற்குப் பதில் சொன்னவர் அந்தப் பெண்மணி.

ஊரில் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கன்னியர் மடத்தை விட்டு அவர் வெளியே வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "சிஸ்டர் இல்லீங்க, முன்னாடி இருந்தேன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். திருத்திவிட்டு, கூப்பிட்ட காரியத்தைக் கேட்பார். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் திருத்தினார்.

மடத்திலிருந்தபோது அவரை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். வயதான கன்னியர்கள் தங்கும் ஒரு விடுதியின் சமையலறையில் பதினொரு வருடம் வேலை. விடுதிக்கு அடுத்த சுவர் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. பட்டறைத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு அந்தச் சமையலறையிலிருந்து போனது. சூப் ஊற்றிக்கொண்டே, அவர்கள் மேசையில் பேசிய சொற்களுக்கெல்லாம் பொருள் கேட்டிருக்கிறார். பிரேக் கட்டைக்கும் அச்சுக்கும் ஜெர்மனில் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஜெபப் புத்தகத்தில் வரும் சில சொற்கள் அந்த மொழியில் அவருக்குத் தெரியாது. அதையும் அவரே சொன்னார்.

திரும்பி வந்து தம்பியின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். அமிர்தியைத் தாண்டி மலை ஏறும் சாலையில், சாமை விதைக்கிற பத்திருபது குடும்பங்களுக்கு நடுவே அந்த வீடு. நான் கண்ணமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் போவேன். இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தது சென்னையில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம். மெக்கானிக்கல் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடி சொற்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னை, அவர் மட்டும் நேரில் வரச் சொன்னார்.

"போன்ல படத்த காட்டினா எனக்குப் போதாது. நீ கையால செஞ்சு காட்டு" என்றார்.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி. மேலே அவரே எழுதிய தலைப்புகள்: ஜெர்மன்காரன் சொல்றது. இங்கிலீஷ்ல. தொட்டா இன்னா ஆவும். கை வச்சவங்க.

நான்காவது பத்தியில் ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பொருளைத் தொட்டோ, திருகியோ, இழுத்தோ பார்த்த ஒருவருடைய பெயர். பட்டறை மேசையில் உட்கார்ந்த ஜெர்மன்காரர்களின் பெயர்கள் அதில் நிறைய இருந்தன. பெயர் இல்லாவிட்டால் இரண்டாவது பத்தியையும் காலியாக விடுவார். ஆங்கிலச் சொல் அகராதியில் இருந்தாலும் எழுத மாட்டார். நிறுவனத்துக்கு அனுப்பும் பட்டியலிலும் அந்த இடம் காலியாகவே போகும்.

அங்கே எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்ட மேலாளருக்கு இது தலைவலி. ஒரு முறை ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான் கூட நிற்கும்போதே அவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், இப்படி ஓட்டை ஓட்டையா அனுப்பினா நான் கஸ்டமர்கிட்ட இன்னாங்க சொல்றது?"

"ஓட்டை இருக்குதுன்னு சொல்லுங்க."

"அதுக்கு எதுக்குங்க நாங்க? உத்தேசமா ஒண்ணு போடுங்க, அவங்க பார்த்துக்குவாங்க."

"உத்தேசமா போட்டா அவங்க பார்க்க மாட்டாங்க. ஓட்டைய வுட்டாத்தான் பார்ப்பாங்க."

மேலாளர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நகைச்சுவையாகச் சொன்னதல்ல அது.

காலி இடங்களை நிரப்ப அவர் எடுத்துக்கொண்ட முயற்சிகளுக்கு அளவில்லை. வண்டிகளை இணைக்கும் கப்ளிங் ஒன்றைப் பார்ப்பதற்காகக் கண்ணமங்கலத்தில் ஒரு ரயில்வே கேட்டின் அருகே இரண்டு மணி நேரம் சரக்கு ரயிலுக்குக் காத்திருந்தோம். அதற்குள் கேட்கீப்பரின் அறையிலிருந்த எல்லாவற்றையும் பற்றிக் கேட்டு முடித்துவிட்டார்.

"அண்ணா, இத்த இழுத்தா இன்னா ஆவும்?"

"இழுத்தா எனக்கு வேல போவும் சிஸ்டர்."

"சிஸ்டர் இல்லீங்க. வேல போறதுக்கு முன்னாடி இன்னா ஆவும்?"

அவர் விளக்கினார். இவர் நோட்டில் எழுதிக்கொண்டு, கேட்கீப்பரின் பெயரையும் இனிஷியலோடு கேட்டு எழுதினார். "என் பேரு எதுக்கு?" என்று அந்த மனிதர் பயந்துபோனார்.

இன்னொரு நாள், தண்டவாளத்தின்மேல் வைக்கும் இரும்புக் காலணி போன்ற ஒரு பொருள். உருண்டு வரும் வண்டியின் சக்கரம் அதன்மேல் ஏறி, அதையும் இழுத்துக்கொண்டு தேய்ந்து நிற்கும். நிற்கிற வண்டிக்கு அடியில் வைக்கிற கட்டை வேறு. இரண்டும் படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. நான் வாயால் விளக்கியது அவருக்குப் போதவில்லை. மலையிலிருந்து பஸ்ஸுக்கு ஆள் ஏற்றி இறங்கும் ஜீப்பை நிறுத்தி, டிரைவரிடம் முட்டுக்கட்டையைக் கேட்டு வாங்கி, சக்கரத்தை மெதுவாக அதன்மேல் ஏற்றச் சொன்னார். கட்டை தாரில் ஊன்றி நின்றது, நகரவில்லை. பிறகு அதனடியில் ஒரு தகரத்தைப் போட்டு எண்ணெய் தடவி மறுபடியும் ஏற்றச் சொன்னார். சறுக்கியது.

"ஜெர்மன்காரன் வண்டி கெடைக்கலன்னா எங்க வண்டிதான் கெடைச்சுதா?" என்றார் டிரைவர். உள்ளே இருந்தவர்களில் ஒரு அம்மா, "இந்தாம்மா, பஸ்ஸு போய்டும், சீக்கிரம் படிச்சு முடிங்க" என்று சத்தம் போட்டார்.

நோட்டில் அந்த இரண்டு வரிகளுக்கும் எதிரே டிரைவரின் பெயர் இருக்கிறது.

இந்தக் குணம் ரயிலோடு நின்றிருந்தால் வேடிக்கையான மனுஷி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருடைய பங்குக் கோயிலுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் உதவி அனுப்பியிருந்தது. கூடவே ஒரு கடிதம். ஞாயிறு பூசை முடிந்ததும் அதைத் தமிழில் படிக்கும்படி பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டார். இவர் நடுவில் நிறுத்தி, "இந்த வரி எனக்குப் புரியல. வுட்டுட்றேன்" என்று மைக்கிலேயே சொன்னார்.

"சுமாரா சொல்லுங்க சிஸ்டர், பரவால்ல" என்றார் சாமியார்.

"சுமாரா சொல்ல எனக்குத் தெரியாதுங்க பாதர்."

சனங்கள் சிரித்தார்கள். அந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு மாதம் பேசினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்களோ என்று ஒருவர் கிளப்பிவிட்டதாகக் கேள்வி.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மாவுக்கு ஒரே மகன். கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான், போனையும் எடுப்பதில்லை. புளி உலுக்குவதற்காவது வருவானா என்று அந்த அம்மா பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் வருவான் என்றார்கள். நானும் சொன்னேன், அவனை நான் பார்த்ததுகூடக் கிடையாது. சிஸ்டர் மட்டும் "தெரியாதும்மா" என்றார்.

"வாய்ல ஒரு நல்ல வார்த்த வருதா பாரு இதுக்கு" என்று அந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், நின்று திருப்பூரில் தனக்குத் தெரிந்த ஒரு மடத்துக்குப் போன் செய்து பையனைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் போய்ச் சொன்னார்.

ஜல்லி வேகன் வேலைக்கு வருகிறேன்.

எங்களிடம் வந்தது உறுப்புப் பட்டியலும் படங்களும் மட்டும். எது எப்படி இயங்கும் என்று விளக்கும் பகுதியை வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார். நானூற்றுச் சொச்சம் சொற்களில் கடைசியாக மூன்று காலியிடங்கள் நின்றன. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முழுப் பட்டியலும் திங்கட்கிழமை வந்துவிட்டால் சென்னை அலுவலகத்தில் எனக்கு நிரந்தர இடம் உண்டு என்றார். முதல் வேகன் வந்திறங்கிய யார்டுக்கு அனுமதியும் வாங்கித் தந்தார்.

போனேன். வாசலில் அனுமதிச் சீட்டில் என் பெயர் தப்பாக இருந்ததில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. உள்ளே சூப்பர்வைசர் ஒருவர் கூட வந்தார். முதல் உறுப்பைத் திறந்து காட்டினார், நான் திருகிப் பார்த்தேன். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது வண்டியின் மறுபக்கம், அடிச்சட்டத்துக்குக் கீழே. அந்தப் பக்கம் நெருக்கி இன்னொரு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் சிவப்புக் கைப்பிடியின் நுனி தெரிந்தது.

"அது வேணும்னா சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டிய நகர்த்தணும் மேடம்" என்றார் சூப்பர்வைசர். "சிவப்பு கலர் கீது பாருங்க. எமர்ஜென்சி பிரேக்கா இருக்கும். வேற இன்னா?"

வேறு என்ன என்று நானும் நினைத்தேன். ஜெர்மனில் அதற்கிருந்த பெயர் 'நோட்சூக்'. அவசரத்தில் இழுப்பது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. காத்திருந்தால் கடைசிப் பேருந்துக்குள் ஊர் திரும்ப முடியாது. நான் பொறியியல் படித்தவள், சிவப்புக் கைப்பிடி எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன்.

"மூணாவது. இழுத்தா இன்னா ஆவும்?"

"பிரேக் புடிக்கும் சிஸ்டர். எமர்ஜென்சி பிரேக்."

"கை வச்சது யாரு?"

"நான்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தச் சந்தேகமும் இல்லாமல், வழக்கமான வேகத்தில், என் பெயரை இனிஷியலோடு எழுதினார். பிறகு காபி போட எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் சொல்லியிருக்கலாம். பால் பொங்கும் சத்தம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது பிரேக் பிடிக்கிற கைப்பிடியே அல்ல. அந்த வேகன்களில் நிறுத்தி வைப்பதற்கான பிரேக்கைப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். குழாயில் காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் அடங்கியிருக்கும், வண்டி ஓடும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாத வண்டியை எப்படியாவது நகர்த்தியாக வேண்டும் என்ற அவசரம் வந்தால், அந்தப் பிடிப்பை விடுவிப்பதற்காக வைத்தது அந்தக் கைப்பிடி. ஒரு முறை இழுத்திருந்தால் எனக்குக் காதிலேயே கேட்டிருக்கும்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம் அந்தத் தொழிலாளி இழுத்தார். லேசான சரிவு. வண்டி இருபதடிகூடப் போகவில்லை.

மேலாளர் எங்கள் இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார். ஜெர்மன் மூலப் படங்கள் தெளிவாக இல்லை, அதனால் பிழை நேர்ந்தது என்று அதில் இருந்தது. படங்கள் தெளிவாக இல்லை என்பது உண்மை.

அன்று மாலை சிஸ்டர் போன் செய்தார். தொட்டிக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறார் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

"நீ இழுத்தியா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு கோவம் இல்ல. கேக்கறேன். இழுத்தியா, இல்லியா?"

"இல்ல சிஸ்டர்."

"பார்த்தியா?"

"நுனிய பார்த்தேன்."

"செரி" என்றார். "நீயே எழுதிடு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் எதும் அனுப்பல."

எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை எழுதினேன். முதல் வரைவில் நேரமின்மை காரணமாகப் பரிசோதனை முழுமையடையவில்லை. இரண்டாவதில் சூப்பர்வைசரின் கருத்து ஏற்கப்பட்டது. மூன்றாவதில் நிறத்தை வைத்துத் தவறான முடிவு எடுக்கப்பட்டது. நான்காவதில் 'நான்' என்று தொடங்கினேன். அதற்கு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுநாள் மதியம் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

மேலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் போயிருந்தது. நோட்டின் அந்தப் பக்கம். நான்காவது பத்தியில் என் பெயர். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் புது மையில்: "இவங்க கை வைக்கல. வச்சதா சொன்னாங்க. நான் எப்படி இழுத்தேன்னு கேக்கல, சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கல. எப்பவும் கேப்பேன்." கீழே அவருடைய பெயர், இனிஷியலோடு.

கடைசி வரி எனக்குப் புதிய செய்தி. நினைத்துப் பார்த்தேன். கேட்கீப்பரிடம் கேட்டார், டிரைவரிடம் கேட்டார். ஜெர்மன்காரர்களிடமும் கேட்டிருப்பார். என்னிடம் அன்று கேட்கவில்லை. படித்தவள் என்று விட்டிருக்கலாம், இரண்டு வருடப் பழக்கம் என்று விட்டிருக்கலாம். இது என் ஊகம், அவர் சொன்னதில்லை.

நிறுவனம் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. வாடிக்கையாளர் வேறு மாதிரி முடிவெடுத்தார். தவறு எது என்று தெரிந்தவர்கள் தேவை என்று சொல்லி, எல்லாத் தகடுகளையும் பார்த்து மாற்றும் வேலைக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். கூட ஒரு ஃபிட்டர். ஒவ்வொரு வேகனிலும் கீழே படுத்து, கைப்பிடியை இழுத்து, ஸ்பிரிங்கின் பிடி விடுபடும் சத்தத்தைக் கேட்டு, பழைய தகட்டைக் கழற்றிப் புதியதை அடிக்கிறோம்.

விரல்களை இழந்தவரை ஒரு யார்டில் பார்த்தேன். ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார்கள். நான் யார் என்பதைச் சொன்னேன். "சொன்னாங்க" என்றார். பிறகு, "உக்காருங்க மேடம், டீ வருது" என்றார். உட்கார்ந்தேன். டீ குடித்தோம்.

மலைக்கு நான் அதற்குப் பிறகு போகவில்லை. சிஸ்டர் வேறொரு நிறுவனத்துக்கு மொழிபெயர்க்கிறார். மாதம் ஒரு தடவை போன் செய்கிறார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. எத்தனை முடிந்தது என்று மட்டும் கேட்பார். எண்ணைச் சொல்வேன். வைத்துவிடுவார்.

வந்த வேகன்கள் பன்னிரண்டு. பதினொன்றில் தகடு மாற்றியாகிவிட்டது. விபத்து நடப்பதற்கு முன்பே ஒன்றை வடக்கே ஏதோ ஒரு பாதை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது இப்போது எந்த யார்டில் நிற்கிறது என்று கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. சென்ற வாரம் அவரிடம் அதைச் சொன்னேன். "ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அந்த வண்டியில் நான் சொன்ன பெயர் இன்னும் இருக்கிறது.